டீசலை விற்ற வருஷம்

மார்ச் 3, 2024

இரவு டூட்டி முடிந்து கிளம்பும்போது முகப்பில் மறுபடி அந்தச் செய்தி: புகை வடிகட்டி நிரம்பிவிட்டது, நெடுஞ்சாலையில் ஓட்டிச் சுத்தம் செய்யவும். கண் எரிகிறது. ஆனாலும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஐ-70-இல் ஏறி, கோல்டன் தாண்டி மலை தொடங்குகிற வரை போய்விட்டு வந்தேன். கராஜில் நிறுத்திய பிறகும் விசிறி வெகுநேரம் இரைந்துகொண்டிருந்தது. பின் சக்கரத்துக்குக் கீழேயிருந்து காய்ந்த இரும்பின் வாடை.

2007-இலிருந்து அமெரிக்காவில் விற்கிற டீசல் பிக்கப்களில் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வந்துவிட்டது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்கு 550, 600 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. ட்ரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனால் அந்தச் சூடு பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். ஊருக்குள் சுற்றினால் வராது. அப்போது வண்டியே கூடுதல் டீசலைத் தெளித்துச் சூடேற்றப் பார்க்கும். பாதியில் சாவியைத் திருப்பி நிறுத்தினால் அந்த வேலை அரைகுறையாக நின்றுவிடும். சில இன்ஜின்களில் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும்.

எங்கள் டீசல் பிக்கப்பின் வாரம் என்பது மருத்துவமனை, பள்ளிக்கூடம், மளிகைக் கடை. கொலராடோவின் ஆர்வாடாவில் இவை எல்லாமே பத்து நிமிஷ தூரம். இன்ஜின் சூடாவதற்குள் இறங்கிவிடுகிறோம். இழுப்பதற்கென்று வாங்கிய வண்டி, இழுக்காத நாட்களில் நோய்ப்படுகிறது.

மார்ச் 10

பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, "விற்கப்போகிறீர்களாமே?" என்று கேட்டார். அவர் எதிர்த்திசையில் போகிறவர். அவரிடம் இருப்பது பெட்ரோல் பிக்கப். மூன்று குதிரைகளை ஏற்றிய ட்ரெய்லரோடு வாராவாரம் வயோமிங், இல்லையென்றால் ரேடன் கணவாய் தாண்டி நியூ மெக்சிகோ. டீசலுக்கு மாறப்போகிறாராம்.

அவருடைய அப்பா 1989-இல் வாங்கிய டாட்ஜ் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸ் டீசல் முதன்முதலாக வந்த வருஷம் அது, 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், வெறும் 160 குதிரைத்திறன். ஆனால் டார்க் 400 பவுண்டு-அடி. அந்தக் காலத்தில் பிக்கப்பில் அப்படியொரு இழுவை அபூர்வம். அதில் புகை வடிகட்டி இல்லை, புகையைச் சுத்திகரிக்கும் யூரியா தொட்டி இல்லை. ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டினால் போதும். இன்றைக்கு டீசல் வாங்குகிறவர்களில் பலர் அந்த வண்டியின் நினைவில்தான் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 2010-க்குப் பிந்தைய டீசல் வேறு சாதி. சுத்தமான சாதி, அந்த வடிகட்டிகளால் பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசிக்கிறார்கள். செவிலியாக இருந்துகொண்டு அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம், சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத காரியம்.

மார்ச் 24

இன்று ஷோரூம். விற்பனையாளர் குதிரைத்திறனைச் சொல்லிக்கொண்டே போனார். நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கரைத்தான் முதலில் படித்தேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்கிற ஸ்டிக்கர். எங்கள் டீசலில் அது 957 கிலோ. இந்தப் பெட்ரோல் வண்டியில் 1,385.

இரண்டும் முக்கால் டன் என்று பெயருக்குச் சொல்கிற வகை. இந்த வகை வண்டிகள் பலவற்றில் வண்டியும் சுமையும் சேர்ந்த எடை 10,000 பவுண்டுக்கு மேல் போகாதபடி வைத்திருக்கிறார்கள். டீசல் இன்ஜினே கனம். அதன் ரேடியேட்டர், யூரியா தொட்டி எல்லாம் சேர்ந்து அந்த வரம்பில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மிச்சம்தான் நமக்கு.

எங்கள் ட்ரெய்லர் சாமானோடு 3,600 கிலோ. அதன் மூக்கு எடை, அதாவது கொக்கியின்மேல் அழுந்துவது, மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருந்தால்தான் பின்னால் வால் ஆடாமல் வரும். எங்களுடையது 470 கிலோ. நாங்கள் நான்கு பேர் 300. கொக்கிச் சாதனம், ஜெனரேட்டர், விறகு, சைக்கிள்கள் ஏறினால் 900 தாண்டிவிடும். 9,000 கிலோ இழுக்கும் என்று விளம்பரப்படுத்திய வண்டி, 3,600 கிலோ ட்ரெய்லரிலேயே தன் எல்லையைத் தொட்டு நின்றது. இழுக்கும் திறனைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இந்த ஸ்டிக்கரைப் பற்றி வாய் திறப்பதில்லை. முதுகு தாங்குமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 14

டீசல் போயிற்று. வந்திருப்பது ஃபோர்டு எஃப்-250, 7.3 லிட்டர் பெட்ரோல் வி-8, பின் அச்சு விகிதம் 4.30. இந்த இன்ஜின் 2020 மாடலில் வந்தது. டர்போ கிடையாது, பழைய பாணியில் தள்ளுகோல் வைத்த எளிமையான இன்ஜின். 430 குதிரைத்திறன், 475 பவுண்டு-அடி டார்க். ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசலுக்கு 475 குதிரைத்திறன், 1,050 பவுண்டு-அடி. குதிரைத்திறன் அருகருகே, டார்க் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த 1,050-ஐ டீசல் 1,600 சுற்றிலேயே கொடுத்துவிடும். பெட்ரோல் தன் 475-க்கு 4,000 வரை ஏற வேண்டும். இரண்டு வண்டிகளையும் ஓட்டும்போது தெரிகிற வித்தியாசம் முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது.

மே 25

மெமோரியல் டே விடுமுறை. ட்ரெய்லரோடு மேற்கே. ஜார்ஜ்டவுன் தாண்டியதும் ஏற்றம் நிமிர்ந்தது. கியர் ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்க, டாக்கோமீட்டர் 4,500-இல் நின்றது. பின்சீட்டில் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். "ஏதாவது ஆகிடுச்சாங்க?" என்று கணவரைக் கேட்டேன். அவர் வெப்பமானியைக் காட்டினார். முள் அசையவில்லை. இன்ஜின் தன் இயல்பில்தான் இருக்கிறது. இரைச்சல் மட்டும் எங்களுக்குப் புதிது.

ஐசன்ஹோவர் சுரங்கத்தின் மேற்கு வாய் கடல்மட்டத்திலிருந்து 3,401 மீட்டர். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதத் திறனை இழக்கிறது. அந்தக் கணக்கில், சுரங்கத்தை அடையும்போது எங்கள் 430-இல் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய்விட்டது. டீசலின் டர்போ மெலிந்த காற்றையும் அமுக்கித் திணித்துவிடும். உயரம் அதை இந்த அளவுக்கு வாட்டாது. பெரிய பிக்கப் கம்பெனிகள் பின்பற்றுகிற இழுவைச் சோதனைக்கு அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தை வைத்திருக்கிறார்கள். 18 கிலோமீட்டர், வெயிலில், ஏ.சி. முழுவீச்சில், மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அது முடிகிற உயரம் எங்கள் வீட்டு வாசலைவிட 500 மீட்டர் தாழ்வு. கொலராடோக்காரர்கள் விளம்பர எண்ணைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

இருந்தாலும் ஏறிவிட்டோம். வலது தடத்தில் மணிக்கு 70-இல், லாரிகளுக்குப் பின்னால். ஐந்து நிமிஷம் தாமதம், அவ்வளவுதான்.

சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்தான் விஷயமே. சில்வர்தார்ன் வரை ஏழு சதவீதச் சரிவு. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காக வழியில் சரளைக்கல் மேடுகள் போட்டு வைத்திருக்கிற இறக்கம். டீசலில் இங்கே ஒரு பட்டனை அழுத்துவேன். டர்போவின் இதழ்கள் மூடிக்கொண்டு புகையை மறிக்கும், அந்த எதிரழுத்தமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக் மிதியைத் தொடாமல் அடிவாரம் வரை வந்திருக்கிறேன். பெட்ரோல் இன்ஜினுக்கு வெற்றிடத்தின் இழுப்பு மட்டும்தான் உண்டு. மேலே காற்றழுத்தமே குறைவு என்பதால் அந்த இழுப்பும் குறைவு. மூன்றாவது கியரில் இரைந்துகொண்டே இறங்கினோம். வேகம் மெல்ல மெல்ல ஏறியது. அழுத்தி, வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்தி. அடிவாரத்தில் இறங்கிப் பார்த்தபோது ட்ரெய்லர் சக்கரத்தில் அனல் அடித்தது. ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பதின்மூன்று கிலோமீட்டரும் என் தோள்பட்டை இறுகியே இருந்தது.

ஏற்றத்துக்காக டீசல் வாங்குகிறார்கள். அதன் அருமை இறக்கத்தில்தான் இருக்கிறது.

ஜூன் 16

பெட்ரோல் போடும் இடம் ஒரு தலைவலி. நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்களில் டீசல் பம்ப் பின்பக்கம், லாரிகளுக்கான அகன்ற பாதையில் இருக்கும். ட்ரெய்லரோடு நேராக நுழைந்து நேராக வெளியேறலாம். பெட்ரோல் பம்ப் முன்பக்கம், கார்களின் நெரிசலுக்கு நடுவில். ஓரத்துப் பம்ப் காலியாகிற வரை தெருவோரம் காத்திருந்தேன்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ட்ரெய்லரோடு டீசல் லிட்டருக்கு 4.7 கிலோமீட்டர் தந்தது, இது 3.4. வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் இழுப்பதாக வைத்து, எங்கள் பக்கத்து விலையில் பெட்ரோல் காலன் 3.30 டாலர், டீசல் 3.70 என்று போட்டால் டீசலால் மிச்சமாவது 400 டாலர்கூட இல்லை. புது வண்டியில் டீசல் இன்ஜினுக்கு ஏறத்தாழ 10,000 டாலர் கூடுதல். விற்கும்போது அதில் ஒரு பகுதி திரும்ப வரும், உண்மைதான். எரிபொருளை மட்டும் வைத்து அந்தப் பணத்தை எடுக்க இருபத்தைந்து வருஷம் ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப்போல் ஐந்து மடங்கு தூரம் இழுக்கிறார். அவருக்கு ஐந்தே வருஷம். அவர் வாங்குவது சரி, நாங்கள் விற்றதும் சரி.

ஜூலை 20

அவருடைய புது டீசலை ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். பின்னால் குதிரைகள். ஃப்ளாய்ட் ஹில் ஏற்றத்தில் 1,800 சுற்றுக்கு மேல் போகவில்லை. சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே ஏறினோம். இறக்கத்தில் பட்டன். குதிரைகளுக்கும் இதுதான் நல்லது என்றார்: விட்டு விட்டுப் பிரேக் போட்டால் அவை ஒவ்வொரு முறையும் காலை ஊன்றித் தாங்க வேண்டியிருக்கும், நீண்ட பயணத்தில் களைத்துவிடும். உயிருள்ள சுமையை இழுக்கிறவருக்கு 10,000 டாலர் பெரிதில்லை என்று அன்றைக்கு எனக்கு முழுதாகப் புரிந்தது.

செப்டம்பர் 8

கன்னிசனிலிருந்து மோனார்க் கணவாய் வழியாகத் திரும்பினோம். 3,448 மீட்டர். பெட்ரோல் வண்டிக்கு இப்போது ஒரு முறை வைத்திருக்கிறேன்: உச்சி தெரியும்போதே இழுவை மோடில் இரண்டாவது கியரைப் பூட்டி, மணிக்கு 50 கிலோமீட்டரில் சரிவில் நுழைவது. இறங்க ஆரம்பித்த பிறகு கியரைத் தேடக்கூடாது. பின்னால் வந்தவர்கள் ஒதுங்கு தடத்தில் தாண்டிப் போகட்டும் என்று விட்டேன். அடிவாரத்தில் சக்கரத்தைத் தொட்டால் வெதுவெதுப்புதான்.

செப்டம்பர் 22

கணவர் ஒரு ஐந்தாம் சக்கர ட்ரெய்லரின் படத்தை அனுப்பியிருக்கிறார். 35 அடி, சாமானோடு 5,500 கிலோ. இந்த வகையில் எடையின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வண்டியின் தட்டில் உட்காரும்: 1,100. நாங்கள் நான்கு பேர் 300. கொக்கிச் சாதனத்தைச் சேர்க்காமலே 1,400, கதவு ஸ்டிக்கரோ 1,385. அதை இழுக்க ஒரு டன் வண்டி வேண்டும். அந்த எடைக்கு இந்த மலைகளில் டீசல்தான் முறை. அப்படியொரு வண்டியை வைத்துக்கொள்ள வருஷத்தில் பாதி நாளாவது சாலையில் இருக்க வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வரை அது நடக்காது. கணக்கை அப்படியே எழுதி, வேண்டாம் என்று பதில் அனுப்பிவிட்டேன்.