ஓர் ஆணியின் பொறுப்பு

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம், 1917ஆம் ஆண்டு கோலசிலாங்கூரில் உருவானது. இன்றும் இவ்வட்டாரத் தோட்டச் சாலைகளில் டிராக்டர்கள் செம்பனைக் குலைகளை டிரெய்லரில் இழுத்துச் செல்கின்றன. டிராக்டரையும் டிரெய்லரையும் இணைப்பது ஓர் இரும்பு ஆணிதான். அனுபவமுள்ள ஓட்டுநர் புறப்படுமுன் கீழே இறங்கி, அந்த ஆணி சரியாகப் பூட்டப்பட்டுள்ளதா எனக் கையால் தொட்டுப் பார்ப்பார்.

சொந்த வாகனத்தில் இழுவைக் கொக்கி பொருத்துவோருக்கும் இப்பழக்கம் தேவை. கொக்கியை வாகனத்தின் அடிச்சட்டத்தில்தான் பொருத்த வேண்டும். பம்பர் அவ்வளவு பாரத்தைத் தாங்காது. திருகாணிகளைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு முறுக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் குறுக்காக மாட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் முன்தண்டு தரையில் இடிக்காமல் அவை தாங்கிக்கொள்ளும். வாகனத்தை மாற்றியமைக்குமுன் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிமுறைகளையும் அறிந்துகொள்ள வேண்டும்.

மேட்டுச் சாலையில் கழன்ற டிரெய்லர் பின்னோக்கி உருளும். அதை நிறுத்த அதில் ஓட்டுநர் இல்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவருக்குக் கொக்கியைப் பொருத்தியவர் யாரென்று தெரியாது. ஆயினும், அவருடைய உயிர் அந்தக் கைகளின் கவனத்தை நம்பியே இருக்கிறது.