ஜகார்த்தாவில் மான், மணிலாவில் எருமை, நம்மூரில் இன்னோவா!

ஜகார்த்தா விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து நின்றால், முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு குழப்பம். இது ஜகார்த்தாவா, மீனம்பாக்கமா? எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னோவா. வெள்ளை இன்னோவா, சாம்பல் இன்னோவா, பின்கதவைத் திறந்து வைத்துப் பெட்டிகளை அமுக்கிக்கொண்டிருக்கும் குடும்பத்தோடு ஒரு கறுப்பு இன்னோவா. ஸ்டீயரிங்கும் நம்மைப் போலவே வலப்பக்கம். பின்னால் போய்ப் பெயரைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். இன்னோவாவோடு இன்னொரு வார்த்தையும் ஒட்டியிருக்கிறது: 'கிஜாங்'.

கிஜாங் என்றால் மான். நம் காடுகளில் கேளையாடு என்கிறோமே, அந்தக் குரைக்கும் மானின் சொந்தம். 'இந்தோனேசிய - ஜப்பானியக் கூட்டு' என்பதன் சுருக்கம்தான் அது என்றும் அங்கே ஒரு விளக்கம் சொல்வார்கள். நாம் இருபது வருடமாக இன்னோவா என்று கூப்பிடும் வண்டியின் பரம்பரை அங்கே 1977-ல் ஆரம்பிக்கிறது. அப்போது அது குடும்ப வண்டியே இல்லை. சுமை ஏற்றும் சின்ன பிக்அப். மலிவாக, உள்ளூரிலேயே செய்யக்கூடிய எளிய வண்டி வேண்டும் என்று இந்தோனேசிய அரசு நினைத்த காலம். பெரிய அச்சு இயந்திரம் எதுவும் தேவைப்படாதபடி தகடுகளை வெட்டி மடக்கிச் செய்த உடம்பு. பானெட்டைத் தூக்கினால் முதலை வாயைப் பிளந்த மாதிரி இருக்குமாம். அதனால் மான் என்று கம்பெனி பெயர் வைத்த வண்டிக்கு ஊர் ஜனங்கள் வைத்த பட்டப்பெயர், 'முதலை மான்'!

அந்தப் பிக்அப்பைக் குடும்ப வண்டியாக மாற்றியதில் பாதிப் பெருமை பட்டறைக்காரர்களுக்கு. சேஸிஸை வாங்கி வந்து, மேலே கூடு கட்டி, ஜன்னல் வைத்து, இருக்கை போட்டு, மேடு பள்ளத்துக்குப் பட்டி பூசி விற்றார்கள். நம்மூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1986-ல் வந்த மாடலில்தான் முழு உடம்பையும் தொழிற்சாலையிலேயே அச்சில் அழுத்திச் செய்யும் முறை வந்தது.

ஏன் கார் வாங்காமல் இதை வாங்கினார்கள்? ஒரு காரணம் வரி. டிக்கி வைத்த செடான் கார்களுக்கு இந்தோனேசியாவில் பல வருடங்கள் ஆடம்பர வரி அதிகம். இந்த மாதிரி வண்டிகளுக்குக் குறைவு. இன்னொரு காரணம், 'முடிக்'. ரம்ஜானுக்கு ஊர் திரும்புவதை அப்படித்தான் சொல்கிறார்கள். பொங்கலுக்கு முந்தைய நாள் இரவு தாம்பரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அதைப் பல மடங்காக்கி, ஜாவா தீவின் நீளத்துக்கு இழுத்துவிட்டால் அதுதான் முடிக். தாத்தா, பாட்டி, மூன்று பிள்ளைகள், மச்சினன், கூரையில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய மூட்டை. இதை எந்த செடானில் ஏற்றுவது?

ஜகார்த்தாவில் இருக்கை எண்ணிக்கைக்கு இன்னொரு கதையும் உண்டு. முக்கியச் சாலைகளில் நெரிசல் நேரத்தில் ஒரு காரில் குறைந்தது மூன்று பேர் இருந்தே ஆக வேண்டும் என்று 2016 வரை சட்டம் இருந்தது. பெரிய வண்டியில் தனியாக வருபவர் என்ன செய்வார்? சாலையோரம் விரலை நீட்டியபடி ஆட்கள் நிற்பார்கள். காசு கொடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டியது. கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கு மவுசு அதிகம். ஒருவரை ஏற்றினால் இரண்டு தலை கணக்காகுமே! இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், நாள் முழுக்க வாகனப் புகையில் நின்ற அந்தக் குழந்தையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து பிலிப்பைன்ஸ் போனால், மான் எருமையாகிவிடுகிறது. மிண்டோரோ தீவில் மட்டுமே வாழும் குட்டை எருமைக்கு 'தமரா' என்று பெயர். கிஜாங்கின் உடன்பிறப்புக்கு மணிலாவில் அதே பெயர். தொண்ணூறுகளில் 'தமரா எஃப்எக்ஸ்' என்று ஏ.சி. போட்டு வந்த மாடல், குடும்பங்களைவிட ஷேர் டாக்ஸிக்காரர்களுக்குத்தான் லட்டு மாதிரி கிடைத்தது. ஜீப்னியில் வியர்த்து வழிந்து ஆபீஸ் போனவர்கள், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து இதில் ஏறினார்கள். முன்னால் டிரைவரோடு இருவர், நடுவில் நால்வர், பின்னால் எதிரெதிர் பெஞ்சில் நால்வர். ஆகப் பத்து டிக்கெட். நடுவரிசையில் நான்கு பேர் எப்படி என்று கேட்காதீர்கள். ஒருவர் முன்னால் நகர்ந்து, அடுத்தவர் பின்னால் சாய்ந்து உட்காரும் அந்தக் கலை நம் ஷேர் ஆட்டோவிலும் உண்டு. கடைசியில் வண்டியின் பெயரே சேவையின் பெயராகிவிட்டது. வேறு கம்பெனி வேன் வந்து நின்றாலும் 'எஃப்எக்ஸ்ல போறேன்' என்பார்கள். நாம் எல்லா நகல் கடையையும் ஜெராக்ஸ் கடை என்பது போல.

மலேசியாவில் இதே குடும்பத்து வண்டி 'அன்சர்' என்ற பெயரில், பெட்ரோலில் மட்டும் ஓடியது. தென்னாப்பிரிக்காவில் 'கான்டோர்' என்ற பெரிய கழுகின் பெயர். மண் சாலைகளுக்காக நான்கு சக்கரமும் இழுக்கும் மாடல்கூட வந்தது.

நமக்கு வந்ததோ குவாலிஸ். லத்தீனில் அதற்கு 'எப்படிப்பட்டது' என்று அர்த்தம். 2000-ம் ஆண்டு ஜனவரியில், பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் பிடதியில் தயாராகி வந்தபோது பலரும் அதைத்தான் கேட்டார்கள். இந்தோனேசியாவில் 1997-லேயே உருண்டை முகத்தோடு புது கிஜாங் வந்துவிட்டது. நமக்குக் கிடைத்தது அதற்கு முந்தைய பெட்டி மாடல், முகத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி. பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று பேச்சு. ஆனால் டிராவல்ஸ்காரர்கள் அழகையா பார்க்கிறார்கள்? ஏ.சி. நன்றாக வேலை செய்தது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடினாலும் இன்ஜின் முனகவில்லை. ஆறுபடை வீடு, நவக்கிரகக் கோயில்கள், சபரிமலை, மாப்பிள்ளை அழைப்பு என எல்லாவற்றுக்கும் குவாலிஸ்தான். நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்திவிட்டு, 2005-ல் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள்.

இந்த இன்னோவாதான் எல்லா நாட்டுக்கும் ஒரே உருவத்தில் போன முதல் தலைமுறை. வெளியே ஒன்று போல இருந்தாலும் பானெட்டுக்குள் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கணக்கு. துபாயில் பெட்ரோல் இன்னோவா மட்டும். அங்கே டீசல் என்பது லாரிகளின் சமாச்சாரம். அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த நம்மூர் டிரைவர்கள், 'சத்தமே இல்லாத இன்னோவா ஓட்டினேன்' என்று சொன்னால் நம்புங்கள். நமக்கோ டீசல்தான் உயிர். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா போக மிச்சம் என்ன என்பதில்தான் ஒரு டிராவல்ஸ் குடும்பத்தின் ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. 2015 டிசம்பரில் டெல்லியில் 2,000 சிசிக்கு மேற்பட்ட டீசல் கார்களைப் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு வந்த இன்னோவா கிரிஸ்டாவின் டீசல் இன்ஜினோ 2.4 லிட்டரும் 2.8 லிட்டரும். சில மாதங்களிலேயே 2.7 லிட்டர் பெட்ரோல் மாடலையும் இறக்கினார்கள். தலைநகரின் புகை, வண்டியின் இதயத்தையே மாற்றிய கதை அது.

உட்காரும் இடத்திலும் நம் குணம் தெரியும். டிரைவர் வைத்து ஓட்டும் ஊர் இது. அதனால் நடுவரிசைதான் இங்கே ராஜ மரியாதை: கை வைக்கும் தாங்கியோடு இரண்டு தனித்தனி இருக்கைகள், கூரையிலிருந்து ஏ.சி. காற்று. கட்சித் தாவலுக்கே இன்னோவாவைப் பட்டப்பெயராக்கிய மாநிலம் அல்லவா நம்முடையது! ஆனால் குடும்பமாகப் போகும்போது மூன்றாம் வரிசைக்கு யாரை அனுப்புகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? கல்யாணமாகாத அத்தை, பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த பாட்டி, 'நான் எங்க வேணா உக்காந்துக்கறேன்' என்று சொல்லும் யாராவது ஒருவர். உயரமான படியில் ஏறி, நடு இருக்கையை மடித்து, குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். முட்டி வலிக்காரர்களை நடுவில் உட்கார வைத்துவிட்டு, கால் நீளமான வாலிபர்கள் பின்னால் போனால் ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் கட்சி.

வேடிக்கை என்னவென்றால், இதையெல்லாம் செய்யும் ஜப்பான்காரர்கள் தங்கள் ஊரில் இன்னோவாவை விற்பதே இல்லை. குறுகலான தெரு, நெருக்கமான பார்க்கிங். அதனால் அங்கே குடும்ப வண்டி என்றால் பக்கவாட்டில் நகரும் கதவு, தாழ்வான தளம். நம்மூரில் அந்தக் கதவைப் பார்த்தால் தமிழ் சினிமாவின் ஆள் கடத்தும் ஆம்னி ஞாபகம் வந்து தொலைக்கிறது.

2022-ல் பெரிய மாற்றம். இந்தோனேசியாவில் 'ஸெனிக்ஸ்', இந்தியாவில் 'ஹைகிராஸ்' என்று வந்த புது இன்னோவாவில் லாரி மாதிரியான சேஸிஸ் இல்லை, டீசல் இல்லை. ஹைபிரிட் மாடலில் பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகின்றன. விலை உயர்ந்த மாடலில் நடுவரிசைக்காரர் காலை நீட்டிச் சாயலாம். அவ்வளவு வந்தும், பழையதை வழியனுப்ப முடியவில்லை. 2023-ல் இந்தியாவில் டீசல் கிரிஸ்டாவை கியர் மாற்றும் மாடலாக மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தோனேசியாவிலும் பழைய டீசல் கிஜாங் புதியதோடு சேர்ந்தே விற்றது. 2024 டிசம்பரில் மணிலாவில் தமராவும் திரும்பி வந்தது. பின்னால் வேண்டியதைக் கட்டிக்கொள்ளலாம் என்று, மறுபடியும் ஒரு எளிய பிக்அப்பாக.