இசைத்தட்டு தாண்டிப் போன பதினேழு ஆண்டுகள்

திகனயில் புளூஸ் இசை கேட்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதியில், குண்டசாலையைத் தாண்டி வருகிற இந்தச் சிறு நகரத்தில் கல்யாண வீட்டுக்கு பைலா வேண்டும், திருவிழாவுக்கு இளையராஜா வேண்டும், பஸ்ஸுக்கு இரண்டும் வேண்டும். இதற்கு நடுவே ஆங்கிலேயக் கிட்டார்காரர் எரிக் கிளப்டனுக்காகச் சண்டை பிடிக்கவும் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. பென்ஷன் எடுத்துவிட்ட ஆங்கில ஆசிரியர் ஒருவர். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர். கண்டி ஹோட்டல்களில் கல்யாண பேண்டில் கிட்டார் வாசிக்கும் ஒரு பையன், அவனோடு பேஸ் வாசிக்கும் சிங்களச் சிநேகிதன். ஆசிரியர் வீட்டு விறாந்தையில் இவர்கள் கூடினால் தேத்தண்ணீர் இரண்டு முறை வரும். பேச்சு எப்போது முடியும் என்று சொல்ல முடியாது.

ஆசிரியருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது வானொலியால். அந்தக் காலத்து இலங்கை வானொலியின் ஆங்கில சேவையை இந்தியா முழுக்கக் காது கொடுத்துக் கேட்டது. அந்த வானொலி பின்னாளில் பயன்படுத்திய ஏக்கல ஒலிபரப்பியே கண்டியோடு சம்பந்தப்பட்டதுதான். 1944இல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் படையினருக்காகத் தொடங்கிய வானொலியின் கருவிகள்தான் போர் முடிந்த பிறகு ரேடியோ சிலோனுக்குக் கைமாறின. 1970க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. இசைத்தட்டு என்பது வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 1977இல் பொருளாதாரம் திறந்த பிறகு நகரங்களில் ‘ரெக்கோடிங் பார்’கள் முளைத்தன. வெற்றுக் கசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் சில நாளில் பதிந்து தருவார்கள். பக்கம் முடிகிற இடத்தில் பாட்டும் பாதியில் அறுந்துபோகும். கிளப்டனின் நீளமான பாட்டுகளுக்கெல்லாம் ஒரு முடிவு உண்டு என்பதே ஆசிரியருக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்ததாம்.

நானாவுக்கு இந்தப் பைத்தியம் அணைக்கட்டு வழியாக வந்தது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்கட்டு பிரித்தானிய உதவியில் கட்டப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்குள்தான் கிடக்கிறது. வேலைத்தளத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் போகும்போது நானாவின் வாப்பாவிடம் ஒரு பெட்டி கசட் விட்டுப் போனார். அதில் ஒன்று கிளப்டன் வாசித்த ‘கிரீம்’ குழுவுடையது.

இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து பார்த்த படம் ‘எரிக் கிளப்டன்: லைஃப் இன் 12 பார்ஸ்’. லிலி ஃபினி ஸானக் இயக்கி 2017இல் டொராண்டோ திரைப்பட விழாவில் வெளியானது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். வழக்கமான ஆவணப்படங்களில் நாற்காலியில் அமர்ந்து நினைவுகூருவார்களே, அப்படி யாரும் இதில் முகம் காட்டிப் பேசுவதில்லை. பழைய காட்சிகள் ஓட, குரல்கள் மட்டும் மேலே வருகின்றன. ஏமி வைன்ஹவுஸைப் பற்றிய ‘ஏமி’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை பழக்கம். இயக்குநர் வெளி ஆளில்லை. அவருடைய ‘ரஷ்’ படத்துக்கு 1991இல் இசையமைத்தவர் கிளப்டன். ‘டியர்ஸ் இன் ஹெவன்’ முதலில் வந்தது அந்தப் படத்தின் இசைத்தட்டில்தான். ஆகவே இது சிநேகிதி எடுத்த படம். சிநேகிதிகள் எடுக்கும் படங்களுக்கு இருக்கக்கூடிய நெருக்கமும் உண்டு, இரக்கம் கொஞ்சம் கூடிப்போவதும் உண்டு.

படத்தின் முதுகெலும்பு ஒரு சிறுபிள்ளைக் காயம். 1945இல் இங்கிலாந்தின் ரிப்ளி கிராமத்தில் பிறந்த கிளப்டன், தாத்தா பாட்டியைத்தான் அப்பா அம்மா என்று நினைத்து வளர்ந்தார். அக்கா என்று நம்பியவர் தன்னைப் பெற்றவர் என்பது ஒன்பது வயதில் தெரிகிறது. அந்தத் தாய் அதற்குப் பிறகும் மகனை மகனாக ஏற்கவில்லை. பின்னால் வரும் ஹெரோயின், குடி, நண்பன் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி மேல் வந்த காதல் எல்லாவற்றுக்கும் படம் இந்தக் காயத்தையே சாவியாகப் போட்டுத் திருகுகிறது. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃபிளாஷ்பேக் வந்தால் கதாநாயகன் செய்த எல்லாவற்றையும் மன்னித்துவிடும் பயிற்சி நமக்கு உண்டே.

கிட்டார் பையனுக்குக் கதையில் அக்கறை இல்லை. அவன் படத்தை நிறுத்தச் சொல்லும் இடம் 1966. ஜோன் மயோலோடு கிளப்டன் செய்த ‘புளூஸ் பிரேக்கர்ஸ்’ தட்டு. அட்டைப்படத்தில் கிளப்டன் ‘பீனோ’ என்ற சிறுவர் சித்திரக்கதை இதழைப் படித்துக்கொண்டிருப்பார். ஒலிப்பதிவுக்கூடத்தில் அதுவரை இருந்த வழக்கம், கிட்டாரின் சத்தத்தைக் குறைத்து வைத்து மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோவது. கிளப்டன் கிப்ஸன் லெஸ் போல் கிட்டாரை மார்ஷல் அம்பிளிஃபையரில் மாட்டி, மேடையில் வாசிக்கும் அதே சத்தத்தில்தான் வாசிப்பேன் என்று நின்றார். வால்வுகள் சூடேறி ஒலி லேசாக உடையத் தொடங்கும்போது, ஒரு சுரத்தைத் தொட்டால் அது சாகாமல் நின்று பாடுகிறது. “அந்த டோனக் கேளுங்க சேர், கிட்டார் மாதிரியா இருக்கு? ஆள் நின்னு பாடுற மாதிரி இல்லையா?” என்பான் பையன். பேஸ் வாசிக்கும் சிநேகிதன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவான். மற்ற இருவரும் பொறுத்துக்கொள்வார்கள்.

பையன் சொல்வது தமிழ்க் காதுக்கு எளிதில் பிடிபடும். புளூஸ் கிட்டாரின் உயிர், இடது கை விரல் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போவதில் இருக்கிறது. வீணைக்காரர் மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பதும் கையளவில் அதே வேலைதான். இரண்டிலும் சுரம் நின்ற இடத்தை விட, அங்கே போய்ச் சேர்ந்த வழிக்குத்தான் மதிப்பு. ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐஐடியில் கப்பல் பொறியியல் படித்து, கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னா, 2006இல் கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்று ஒரு தட்டே வெளியிட்டார். ஓஸ்கார் வாங்கிய ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்துக்கும் அவர்தான் இசை. அவரைக் கேட்ட பிறகு, புளூஸ் நமக்குத் தூரத்து உறவு என்று ஆசிரியர் சொல்வதை மறுக்க முடிவதில்லை. ‘லைலா’ இன்னும் கிட்டத்து உறவு. 1970இல் ‘டெரெக் அண்ட் த டொமினோஸ்’ என்ற பெயரில் மியாமியில் பதிந்த அந்தப் பாட்டின் பெயர், நிஜாமியின் பாரசீகக் காவியத்திலிருந்து வந்தது. அந்தக் கதை தமிழில் எப்போதோ படமாகிவிட்டது. நானா சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை. அந்த விறாந்தையில் அவருக்கு மட்டும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படத்துக்குப் பிறகு 2018 ஜூனில் வந்தது அதன் இசைத்தட்டு. முப்பத்திரண்டு பாட்டுகள். ஒரு கிட்டார்காரரின் படத்துக்கான தட்டு அவருக்கு முன்னால் இருந்தவர்களைக் கொண்டு, பிக் பில் புரூன்ஸியிலும் மடி வோட்டர்ஸிலும் தொடங்குவது நேர்மையான செய்கை. அரீதா ஃபிராங்க்ளின் பாட்டு ஒன்றும் இருக்கிறது; அதில் பின்னால் கேட்கும் கிட்டார் கிளப்டனுடையது. ஹெண்ட்ரிக்ஸின் ‘லிட்டில் விங்’கும் உண்டு. ரசிகர்களைச் சண்டைக்கு இழுப்பது ‘ஐ ஷொட் த ஷெரிஃப்’. பொப் மார்லியின் இந்தப் பாட்டு கிளப்டன் குரலில் 1974இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. தட்டில் இருப்பது அதுவரை வெளிவராத முழு நீளப் பதிவு. ரெக்கோடிங் பாரில் பாதிப்பாட்டு கேட்டு வளர்ந்த ஆசிரியருக்கு இது கிடைத்தற்கரிய சொத்து. பையனுக்கோ, அன்றைக்கு வெட்டியவன் தெரிந்துதான் வெட்டியிருக்கிறான் என்று கட்சி.

அடுத்துத் தட்டில் இன்னும் சில 1974ஆம் ஆண்டுப் பாட்டுகள். அதன் பிறகு சட்டென்று ‘டியர்ஸ் இன் ஹெவன்’. 1991 மார்ச்சில் நியூயோர்க்கில் ஐம்பத்து மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து இறந்த நான்கு வயது மகன் கொனருக்காக எழுதிய பாட்டு. 1974க்கும் 1991க்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

அந்த இடைவெளிக்குள்தான் பர்மிங்ஹாம் இருக்கிறது. 1976 ஓகஸ்ட் 5 அன்று பர்மிங்ஹாம் ஓடியன் மேடையில் குடிபோதையில் நின்ற கிளப்டன், வெளிநாட்டவர் பிரித்தானியாவை விட்டுப் போக வேண்டும் என்று கத்தினார். இனோக் பவலுக்கு ஆதரவு கேட்டார். அதே பர்மிங்ஹாமில் 1968இல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிப் பதவி இழந்த அரசியல்வாதி அந்தப் பவல். மார்லியின் பாட்டால் முதலிடம் பிடித்து இரண்டே வருடத்தில் இந்தப் பேச்சு. உன் இசையில் பாதி கறுப்பர்களுடையது ஆயிற்றே என்று சுட்டிக்காட்டி, ரெட் சாண்டர்ஸ் என்ற புகைப்படக்காரரும் நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ‘ரொக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் அதிலிருந்து கிளம்பியது. படம் இதை மறைக்கவில்லை. கிளப்டன் தன் வாயால் வெட்கத்தைச் சொல்கிறார். ஆனால் குடியின் அட்டூழியங்களில் ஒன்றாக, மேடையில் விழுந்து கிடந்த காட்சிகளோடு சேர்த்து, அதைக் கடந்துபோகிறது. குடித்ததால் பேசினார், குடியை விட்டார், கதை முடிந்தது என்கிற கணக்கு. 2004 வாக்கில், குடியை விட்டுப் பல வருடமான பிறகும், பவலைத் துணிச்சல்காரர் என்று அவர் புகழ்ந்தது அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை.

வேறு ஊரில் பார்த்திருந்தால் இந்த இடம் அப்படியே ஓடிப்போயிருக்கும். திகனயில் ஓடாது. 2018 மார்ச் தொடக்கத்தில் இங்கேயும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு எரிந்தன. மார்ச் 6 அன்று நாடு முழுக்க அவசரகாலச் சட்டம் வந்தது. அடுத்த நாள் ஃபேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சு பரவத் தன் தளம் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் 2020இல் வருத்தம் தெரிவித்தது. கிளப்டன் படம் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தது அந்தக் கலவரத்துக்கு முந்திய மாதம்; இசைத்தட்டு வந்தது மூன்று மாதம் கழித்து.

பர்மிங்ஹாம் பகுதி ஓடியபோது விறாந்தையில் யாரும் பேசவில்லை. ஆசிரியர்தான் முதலில் வாய் திறந்தார்: “மனுசன் மன்னிப்புக் கேட்டிருக்கார் தானே.”

“கேட்டிருக்கார் சேர், இல்லங்கல்ல” என்றார் நானா. “குடிச்சிட்டுப் பேசினதுன்னு சொல்றாங்களே, அதுதான் எனக்கு ஏறுதில்ல. இங்க வந்தவனுகள்லயும் குடிச்சவன் இருந்தான், குடிக்காதவனும் இருந்தான். கல்லு ஒரே மாதிரித்தான் வந்து விழுந்திச்சி.”

நானாவின் கடை முகப்புக் கண்ணாடியை மாற்ற உதவி செய்தவர்களில் பேஸ் வாசிக்கும் பையனின் தகப்பனும் ஒருவர். அதை நானாவே சொன்னார், பையன் அல்ல. அவன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதன் பிறகு படத்தின் முடிவைப் பொறுத்துக்கொள்வது கஷ்டம். புளூஸ் கலைஞர் பி.பி.கிங் இறந்த துக்கத்தில் கிளப்டன் பேசுவதோடு தொடங்கும் படம், அதே பி.பி.கிங் ஒரு மேடையில் அவரை மனமாரப் புகழ்வதோடு நிறைகிறது. இருவருக்கும் இருந்த அன்பு உண்மை. 2000இல் சேர்ந்து ஒரு தட்டே செய்தவர்கள். ஆனாலும் கறுப்பினப் பெரியவர் ஒருவரின் வாழ்த்தை நற்சாட்சிப் பத்திரம் போலக் கடைசியில் வைத்தது இயக்குநரின் தேர்வு. பர்மிங்ஹாம் மேடைக்குக் கீழே நின்று அந்தப் பேச்சைக் கேட்ட ஒருவரின் குரலை அங்கே வைத்திருந்தால் படம் இன்னும் நிமிர்ந்து நின்றிருக்கும்.

அப்படியானால் தட்டைத் தூக்கி எறிவதா? அதுவும் நடக்கவில்லை. ‘லைலா’வை கிளப்டனோடு சேர்ந்து எழுதியவராகப் பெயர் பெற்ற டிரம்மர் ஜிம் கோர்டன், மனச்சிதைவு நோய் முற்றி 1983இல் தன் தாயைக் கொன்றவர். 2023இல் சிறைக்குள்ளேயே இறந்தார். அந்தப் பாட்டின் பின்பாதியில் வரும் பியானோ மெட்டு உண்மையில் தன்னுடையது, பெயர் போடாமல் எடுத்துக்கொண்டார்கள் என்று பாடகி ரீட்டா கூலிட்ஜ் சொல்லி வந்திருக்கிறார். இப்படிக் கணக்குப் பார்க்கப் போனால் பாதி அலுமாரி காலியாகிவிடும் என்று ஆசிரியர் கவலைப்பட்டார். நானா யாரையும் எதையும் எறியச் சொல்லவில்லை. “கிரீம் கசட் இன்னும் வீட்டில இருக்கு சேர். நான் கேக்குறன். அந்தப் பதினேழு வருசத்தயும் சேத்துத்தான் கேக்குறன்.”

அதைப் பிடித்துக்கொண்டவன் கிட்டார் பையன். இப்போது அவனுடைய பென் டிரைவில் அந்த இசைத்தட்டு வேறு வரிசையில் இருக்கிறது. 1974க்கும் 1991க்கும் நடுவே ‘ஸ்டீல் பல்ஸ்’ பாட்டுகளைச் செருகியிருக்கிறான். பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வர்த் பகுதியில் குடியேறிகளின் பிள்ளைகள் தொடங்கிய ரெகே குழு அது. 1978 ஏப்ரலில் லண்டன் விக்டோரியா பூங்காவில் நடந்த ‘ரொக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ பெருவிழாவில் வாசித்தவர்கள். ஆசிரியருக்கு இது அறவே பிடிக்கவில்லை. புளூஸ் தட்டுக்குள் ரெகே என்ன வேலை, வரிசை என்று ஒன்று இருக்கிறதே என்கிறார். ‘ஐ ஷொட் த ஷெரிஃப்’ மட்டும் என்ன சேர், அதுவும் ரெகே தானே என்று பேஸ்காரன் சிங்களத்தில் கேட்டான். அது கிளப்டன் வாசித்தது, வேறு என்றார் ஆசிரியர். நானா சிரித்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார்.