மிஸ் ஒண்டும் அமத்தல்ல

போன மூன்றாம் தவணைப் புள்ளிகளோடு நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதி வைக்கலாம் என்று மூன்று பேரும் முடிவெடுத்தோம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே பழி இன்றைக்கு வேறு ஒரு பாடசாலையில் வேறு ஒரு மிஸ்ஸின் தலையில் விழுந்துகொண்டிருக்கக் கூடும். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையின் கணினி அறையைப் பார்ப்பது நாங்கள் மூன்று பேர். மூவரும் கல்வியியற் கல்லூரியில் படித்து வந்தவர்கள், முப்பதைத் தாண்டியவர்கள். ஆசிரியர் அறையில் எங்களுக்கு "கொம்பியூட்டர் தெரிஞ்ச பொடியன்மார்" என்று பெயர். போன வருஷம் புள்ளிப் பட்டியலைக் கையால் எழுதுவதை நிறுத்தி, எக்செலில் ஒரு படிவம் செய்து எல்லா வகுப்பாசிரியர்களுக்கும் கொடுத்தோம். புள்ளியை மட்டும் அடித்தால் போதும், மொத்தமும் சராசரியும் தானாக வரும். அதிபர் கூட்டத்தில் எங்களைப் பாராட்டினார். நாங்களும் கொஞ்சம் உயரமாக நடந்தோம்.

எங்களோடு ஒரு மிஸ் இருக்கிறார். இன்னும் ஒரு வருஷத்தில் பென்ஷன். எங்களில் ஒருவருக்கு மூன்றாம் வகுப்பில் எழுத்துப் படிப்பித்தவர். இன்றும் எங்களை "மகன்" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய புள்ளிப் பதிவேட்டில் ஒரு வெட்டு, ஒரு திருத்தம் காண முடியாது. கொம்பியூட்டர் அவருக்குப் புதிது. என்றாலும் "பிள்ளைகளுக்காகப் பழகுவம்" என்று வந்து உட்கார்ந்தார். கிடைத்தது மூலையில் இருந்த பழைய கொம்பியூட்டர். நல்லவற்றில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

முதல் நாள். 42 பிள்ளைகள், 9 பாடங்கள். மிஸ் ஒரு விரலால் தேடித் தேடி இரண்டு மணித்தியாலம் அடித்தார். கடைசியில் மொத்தப்படி வரிசைப்படுத்தினார். திரை கொஞ்ச நேரம் வெளுத்து நின்றது. பிறகு போதிய நினைவகம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. அதை மூடியதும் எக்செல் முழுதாக மூடிக்கொண்டது.

"நான் ஒண்டும் அமத்தல்ல மகன். அது தானா மூடிட்டு."

நாங்கள் சிரித்தோம். "ஏதாவது பட்டிருக்கும் மிஸ், திருப்பி அடிங்க" என்றோம்.

இரண்டாம் நாளும் அதே இடத்தில் அதே மாதிரி. மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் ஒருவர், "மிஸ்ஸுட கை பட்டாலே அது பயந்து ஓடுது போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை.

நாலாம் நாள் காலை அவர் கையில் ஒரு கடிதத்தோடு அதிபரிடம் போனார். கண் சரியில்லை, வகுப்பாசிரியர் பொறுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஏதோ ஒரு வகுப்பைத் தன் வகுப்பு என்று சொல்லி வந்தவர். அவருடைய கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

அதிபர் எங்களைக் கூப்பிட்டார். "கடிதத்தப் பிறகு பாப்பம். முதல்ல அந்தப் புள்ளிய நீங்களே அடிச்சுக் கொடுங்க. நாளைக்கு மறுநாள் பெற்றோர் கூட்டம்."

அன்று அஸருக்குப் பிறகு எங்களில் ஒருவர் அதே மூலையில், அதே கதிரையில், அதே கோப்பைத் திறந்து உட்கார்ந்தார். வேகமாக அடிக்கும் கை. முக்கால் மணித்தியாலத்தில் 42 பேரும் முடிந்தது. வரிசைப்படுத்தினார். திரை வெளுத்தது. பெட்டி வந்தது. மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரம் அந்த அறையில் யாரும் பேசவில்லை.

அதன் பிறகுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைத் தொடங்கினோம். அதை ஒழுங்காகச் சொல்கிறோம், யாருக்காவது உதவும்.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். கொம்பியூட்டரின் வன்தட்டு அலுமாரி மாதிரி. ரேம் என்கிற நினைவகம் மேசை மாதிரி. வேலை செய்ய வேண்டிய கொப்பிகளை அலுமாரியில் இருந்து எடுத்து மேசையில் வைத்தால்தான் திருத்த முடியும். மேசை நிரம்பினால் என்ன செய்வோம்? இப்போதைக்குத் தேவையில்லாத கொப்பிகளைப் பக்கத்துக் கதிரையில் வைப்போம். விண்டோஸும் அப்படித்தான். வன்தட்டில் பேஜ் ஃபைல் என்று ஒரு இடத்தை ஒதுக்கி வைத்திருக்கும், அதுதான் கதிரை. எடுத்து வைக்க நேரம் போகும், அதனால் கொம்பியூட்டர் இழுபடும். கதிரையும் நிரம்பிவிட்டால் அடுத்த கொப்பியோடு வருகிற பிள்ளைக்கு "இடமில்லை" என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைச் சமாளிக்கத் தெரியாத புரோகிராம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

எங்கள் மேசையில் என்ன இருந்தது என்று பார்த்தோம். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ், பிறகு மெமரி. அந்தக் கொம்பியூட்டரில் இருந்தது 2 ஜீபி. ஒன்றுமே திறக்காமல் பாதிக்கு மேல் போயிருந்தது. கொம்பியூட்டரைப் போட்டதும் ப்ரௌசர் தானாகத் திறக்கும்படி யாரோ வைத்திருந்தார்கள், அதற்கும் ஒரு பங்கு.

அங்கே கமிட்டட் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, புரோகிராம்களுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட அளவு. இரண்டாவது, ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்து கொடுக்கக்கூடிய உச்சம். முதல் எண் இரண்டாவதை நெருங்கினால் விழப்போகிறது என்று அர்த்தம். புள்ளிக் கோப்பைத் திறந்ததும் எங்களுடையது நெருங்கிவிட்டது.

கதிரை ஏன் இவ்வளவு சிறிதாக இருந்தது? சி டிரைவைப் பார்த்தோம். இடமே இல்லை. விளையாட்டுப் போட்டி வீடியோக்கள் முழுதும் அங்கே கிடந்தன. அவற்றைப் போட்டது நாங்கள். பேஜ் ஃபைல் வளர நினைத்தாலும் வளர இடமில்லை.

அடுத்தது ஈவென்ட் வியூவர். விண்டோஸ் தனக்கு நடந்ததை எழுதி வைக்கும் பதிவேடு அது. சிஸ்டம் பகுதியில் 2004 என்ற இலக்கத்தோடு ஒரு குறிப்பு இருந்தால், நினைவகம் தட்டுப்பட்டது என்று பொருள். எந்தப் புரோகிராம்கள் அதிகம் எடுத்தன என்று பெயரும் போட்டிருக்கும். மிஸ் சொன்ன மூன்று நாட்களும் அங்கே திகதி, நேரத்தோடு இருந்தன. மூன்றிலும் முதல் பெயர் எக்செல். அவர் சொன்னதைக் கொம்பியூட்டரே எழுதி வைத்திருந்தது. நாங்கள்தான் போய்ப் பார்க்கவில்லை.

42 பிள்ளைகளின் புள்ளிக்கு எக்செலுக்கு ஏன் இவ்வளவு இடம்? கோப்பின் அளவைப் பார்த்தால் 23 எம்பி. 20 கேபி இருந்தாலே அதிகம். கோப்பைத் திறந்து கொன்ட்ரோலும் எண்ட் விசையும் சேர்த்து அழுத்தினோம். எக்செல் தான் பாவிப்பதாக நினைக்கும் கடைசிக் கலத்துக்கு அது கொண்டுபோகும். 43ஆவது நிரையில் நிற்க வேண்டியது 1,048,576ஆவது நிரையில் போய் நின்றது. எக்செல் தாளின் கடைசி நிரை அதுதான், அதற்குக் கீழே நிலமில்லை.

யார் செய்தது? நாங்கள். படிவம் செய்யும்போது, எத்தனை பிள்ளைகள் வந்தாலும் போதும் என்று, மொத்தத்துக்கும் சராசரிக்கும் உரிய சூத்திரங்களை இரண்டு நிரல்களிலும் அடிவரை நிரப்பிவிட்டோம். சைபர் வந்தால் காட்டாதே என்றும் அமைத்தோம். அதனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் தாள் போல இருந்த இடத்தில் இருபது இலட்சத்துக்கு மேல் சூத்திரங்கள். வரிசைப்படுத்தச் சொன்னால் அத்தனையையும் அது தூக்கி அடுக்கப் பார்க்கும். எங்கள் கொம்பியூட்டர்களில் 8 ஜீபி இருந்ததால் கொஞ்சம் மெதுவாக முடிந்தது, நாங்கள் கவனிக்கவில்லை. மூலைக் கொம்பியூட்டரில் மூச்சு நின்றது.

இன்னொன்றும் இருக்கிறது. எக்செல் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாக ஒரு மீட்புப் பிரதி எடுக்கும். அந்தக் கொம்பியூட்டரில் அது அடிக்கடி உறைந்து நிற்கிறது என்று அதையும் நாங்கள்தான் நிறுத்தி வைத்திருந்தோம். மிஸ்ஸின் இரண்டு மணித்தியால உழைப்பு ஒவ்வொரு நாளும் மிச்சமில்லாமல் போனது அதனால்தான்.

திருத்த அதிக நேரம் எடுக்கவில்லை. கோப்பை 8 ஜீபி கொம்பியூட்டரில் திறந்து, பிள்ளைகளுக்குக் கீழே இருந்த நிரைகளை அழித்துச் சேமித்தோம். 23 எம்பி 19 கேபியாக வந்தது. வீடியோக்களை வெளி வன்தட்டுக்கு மாற்றினோம். பேஜ் ஃபைலை விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டோம். ப்ரௌசர் தானாகத் திறப்பதை நிறுத்தினோம். மீட்புப் பிரதியை ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று வைத்தோம்.

ரேம் கூட்டலாமா என்று டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் எங்கள் பழைய மாணவனிடம் கேட்டோம். அவன் முதலில் கேட்டது, "ஸேர், விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா?" அது 32 பிட். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் 4,294,967,296 தான், அதாவது 4 ஜீபி. 32 பிட் விண்டோஸில் அதற்கு மேல் எவ்வளவு ரேம் போட்டாலும் காசுதான் வீண். பழுதாகிக் கிடந்த இன்னொரு கொம்பியூட்டரில் இருந்த 2 ஜீபி துண்டைக் கழற்றிப் போட்டோம், ஒரே வகை என்பதால் பொருந்தியது. டிடிஆர்3 இருக்கிற இடத்தில் டிடிஆர்4 ஏறாது, அதையும் பார்த்து வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லா விழுகையும் இடப் பற்றாக்குறை அல்ல. ஒரே பெரிய வேலையில், நினைவகம் நிரம்பும் நேரத்தில் மட்டும் விழுந்தால் பற்றாக்குறை என்று எண்ணலாம். எந்த வேலை என்று இல்லாமல் இன்று இது நாளை அது என்று விழுந்தால், நீலத் திரை வந்தால், ரேம் துண்டே பழுதாக இருக்கலாம். விண்டோஸிலேயே மெமரி டயக்னொஸ்டிக் என்று ஒரு சோதனை இருக்கிறது, அதை ஓட விடுங்கள். லினக்ஸ் போட்ட கொம்பியூட்டர் என்றால், இடம் முடிந்ததும் முறைமையே ஒரு புரோகிராமைத் தெரிவுசெய்து மூடிவிடும். பாவிப்பவருக்கு அது காரணமே இல்லாமல் மறைந்த மாதிரித்தான் தெரியும்.

இதைப் பேசும்போது எங்களுக்கு 2020 ஞாபகம் வந்தது. கொரோனா நேரம் பிள்ளைகள் வீட்டில் இருந்த ஒரே போனில் வகுப்புக்கு வந்தார்கள். பாடக் குறிப்பைப் பார்க்க வாட்ஸ்அப்புக்குப் போய்த் திரும்பினால் வகுப்பு மறைந்திருக்கும். ரேம் குறைந்த போன்களில், முன்னால் இருக்கிற செயலிக்கு இடம் கொடுக்க அண்ட்ரொய்ட் பின்னால் இருப்பதை மூடிவிடும். "வகுப்ப விட்டுட்டு எங்க போன?" என்று எத்தனை பிள்ளைகளை ஏசியிருப்போம்.

தரம் 10 பிள்ளைகளுக்குப் பிறகு இன்னொரு கதையும் சொன்னோம். 1969 ஜூலை 20, அப்பொலோ 11 சந்திரனில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கணினி 1202 என்று எச்சரிக்கை காட்டுகிறது. அந்தக் கணினியின் அழித்தெழுதும் நினைவகம் 2,048 சொற்கள்தான், இன்றைய கணக்கில் சுமார் 4 கேபி. ஒரு ரேடாரின் ஆளி இருந்த நிலை கணினிக்கு வீண் வேலை கொடுத்துக்கொண்டிருந்ததால், புது வேலைகளைக் குறித்து வைக்க இடமில்லாமல் போனது. ஆனால் மார்கரெட் ஹமில்டன் தலைமை தாங்கிய குழு எழுதிய மென்பொருள் விழுந்துவிடவில்லை. திரும்பத் தொடங்கி, இறங்குவதற்குத் தேவையான வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டது. அந்த ஆளியை வீரர்கள் கைதவறிப் போடவில்லை. அவர்களுக்குக் கொடுத்த செய்முறைப் பட்டியலில் இருந்தபடியே போட்டிருந்தார்கள். மிஸ்ஸும் நாங்கள் கொடுத்த படிவத்தில், நாங்கள் சொன்னபடியேதான் அடித்தார்.

அன்று எல்லாம் முடிந்தபோது மஃரிப் பாங்கு சொல்லிவிட்டது. தொழுதுவிட்டு மூன்று பேரும் மிஸ்ஸின் வீட்டுக்குப் போனோம். நடந்ததை மறைக்காமல் சொன்னோம். படிவம் எங்களுடையது, வீடியோ எங்களுடையது, பழைய கொம்பியூட்டரை உங்களுக்குத் தந்ததும் நாங்கள், மாப் செய்யுங்கள் என்றோம். மிஸ் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நான் ஒண்டும் அமத்தல்லதானே?" என்று கேட்டார். மூன்று நாளாக அவருக்கே அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. எங்களுக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த நாள் அதே ஆசிரியர் அறையில், எல்லாரும் இருக்கும்போது, பிழை யாருடையது என்று சொன்னோம். சிரித்த இடத்தில்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தோம். மிஸ் தன் பதிவேட்டைப் பார்த்து 42 பேரின் புள்ளியையும் தானே அடித்தார், நாங்கள் அடித்துத் தருகிறோம் என்றதற்கு விடவில்லை. வரிசைப்படுத்தினார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. பெற்றோர் கூட்டத்தில் அறிக்கைகளில் வகுப்பாசிரியர் இடத்தில் அவருடைய கையெழுத்தே இருந்தது. அதிபர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது மிஸ் 8 ஜீபி கொம்பியூட்டரில் உட்காருகிறார். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு தடவை சேமிக்கிறார், எங்களையும் சேமிக்கச் சொல்கிறார். மூலைக் கொம்பியூட்டர் எங்களுக்கு.

உங்கள் பாடசாலையிலும் "அவங்க தொட்டாத்தான் பழுதாகுது" என்று யாரையாவது சொல்கிறார்கள் என்றால், ஒரு தடவை அவருடைய கதிரையில் உட்கார்ந்து அவர் செய்த வேலையை அப்படியே செய்து பாருங்கள். பிறகு டாஸ்க் மெனேஜரைத் திறந்து பாருங்கள். விழுந்த நேரத்தைக் குறித்து வைத்திருந்தால், பின்னூட்டத்தில் போடுங்கள். தெரிந்த அளவுக்குச் சேர்ந்து பார்ப்போம்.