விளக்கு எரிந்தது, வேலை நடக்கவில்லை

பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்தவர்களுக்கு மரண அறிவித்தல் ஒன்றின் பெறுமதி தெரியும். தலையங்கத்தில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடலாம். அரசியல்வாதியின் பேச்சில் ஒரு வசனம் விடுபட்டால் அவரே தொலைபேசியில் அழைத்து ஏசிவிட்டு மறந்துவிடுவார். ஆனால் இறுதிக் கிரியையின் நேரம் பிழையாக அச்சானால், அதைத் திருத்துவதற்கு மறுநாள் என்று ஒன்று இல்லை.

இதை எனக்கு மீண்டும் கற்பித்தது உள்ளங்கை அளவான ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

வத்தளையில் எங்கள் வீட்டின் பின்னறைதான் என் அலுவலகம். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, வார இதழ் ஒன்றின் பக்கங்களை வீட்டிலிருந்தே இறுதியாகப் பார்த்து அனுப்பத் தொடங்கினேன். தற்காலிக ஏற்பாடு என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. இணைய இணைப்பு வந்து சேரும் ரௌட்டர் முன் விறாந்தையில் இருக்கிறது. இடையில் பழைய காலத்துத் தடித்த சுவர்கள் மூன்று. வைபை பின்னறைக்கு வருவதற்குள் களைத்துவிடும். ஆகவே ஒரு கேபிளை இழுத்து, பின்னறையில் ஐந்து துளைகள் கொண்ட சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, கணினி, அச்சுப்பொறி, பிரதிகளைச் சேமிக்கும் வட்டு ஆகியவற்றை அதில் இணைத்திருந்தேன். அகப்பட்டவற்றுள் மலிவானதை வாங்கிப் போட்டேன். பின்னர் அதை மறந்தும் போனேன்.

ஒரு சனிக்கிழமை மாலை. கொட்டாஞ்சேனையில் காலமான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் தகனம் ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கு என்றிருந்ததை, இரண்டு மணி என்று மாற்றும்படி குடும்பத்தார் கேட்டிருந்தார்கள். திருத்திய பக்கத்தை அனுப்பினேன், போகவில்லை. சுவிட்சைப் பார்த்தேன், பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆகவே பழுது வெளியில்தான் என்று முடிவுகட்டி, சேவை நிறுவனத்தை அழைத்து, இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். ரௌட்டரை நிறுத்தி மீண்டும் இயக்கினேன். பக்கம் கொஞ்சம் போகும், நின்றுவிடும்.

அச்சகத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னேன். ஆனால் இணைப்பு இதோ வந்துவிடும் என்று நம்பி, அரை மணி நேரத்தை வீணாக்கிய பிறகே சொன்னேன். அதற்குள் தகடு இயந்திரத்தில் ஏறிவிட்டது.

மறுநாள் மூன்றரை மணிக்கு, கண்டியிலிருந்து வந்திருந்த அந்த ஆசிரியையின் பழைய மாணவிகள் சிலர் பொரளை மயானத்தில் நின்றார்கள். எல்லாம் முடிந்திருந்தது. குடும்பத்தார் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு நாட்களின் பின் அயல்வீட்டுப் பையன் வந்தான். வலையமைப்பு வேலை செய்பவன். நீண்ட கேபிள் ஒன்றால் என் கணினியை நேரே ரௌட்டருடன் இணைத்தான். பக்கம் நொடியில் போயிற்று. "லைனில் பிழை இல்லை, அங்கிள்" என்றான். பின்னர் சுவிட்சின் மின்வழங்கியை மட்டும் மாற்றினான். செத்ததென்று நான் நினைத்த சுவிட்ச் உயிர்பெற்றது. "பெட்டி பழுதில்லை. அடப்டர்தான் களைத்துவிட்டது. விளக்கு எரியப் போதுமான மின்சாரம் வருகிறது. வேலை செய்யப் போதாது."

சுவிட்ச் செய்யும் வேலையைப் பழைய பத்திரிகைக் காரியாலயத்தைக் கொண்டு விளக்கலாம். முன்னர் இருந்த 'ஹப்' என்ற பெட்டி, யாருக்குச் செய்தி வந்தாலும் மண்டபம் முழுவதும் கேட்கக் கத்தும் பியூன் போன்றது. சுவிட்ச் அப்படியன்று, எவர் எந்த மேசையில் இருக்கிறார் என்று குறித்துவைத்து, உரியவருக்கு மட்டும் இணைப்புக் கொடுக்கும் தொலைபேசி இணைப்பாளர் அது. பல துளைகள் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்சை 1990 அளவில் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் கல்பனா. இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ், லாரி பிளேயர் என்பவருடன் சேர்ந்து அதை நிறுவித் தம் மனைவியின் பெயரையே சூட்டினார். 1994இல் சிஸ்கோ அதனை வாங்கிக்கொண்டது.

புதியதொன்றை வாங்க பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனேன். நமது பாடநூல்கள் சுவிட்சை 'ஆளி' என்கின்றன. கடையில் அப்படிக் கேட்டால் மின்குமிழ்ச் சுவிட்சைத்தான் நீட்டுவார்கள். விற்பனையாளர் வேகத்தைப் பற்றியே பேசினார். எனக்கு வேண்டியது வேகமன்று. கிகாபிட் வகை இன்று சாதாரணம். அதற்குக் கீழே போகவேண்டிய தேவையில்லை, வீட்டுக்கு அதற்கு மேலேயும் தேவையில்லை. கட்டமைப்பை நாமே மாற்றக்கூடிய 'மனேஜ்ட்' வகை, அதைப் பார்த்துக்கொள்ள ஆளுள்ள அலுவலகங்களுக்கு உரியது. பொருத்தியதும் தானாக இயங்கும் எளிய வகையே நமக்குப் போதும்.

நான் பார்த்தவை வேறு. முதலாவது, உலோக உறை. மின்விசிறி இல்லாத இப்பெட்டிகளின் சூட்டை வெளியேற்றுவது உறைதான். வத்தளை வெயிலில் அது சிறிய விஷயமல்ல. இரண்டாவது, அடப்டர். முதலில் களைப்பது பெரும்பாலும் அதுதான். ஒன்றுக்கு 5 வோல்ட், இன்னொன்றுக்கு 9, வேறொன்றுக்கு 12. முனை ஒரே அளவாக இருப்பதால் மாற்றிச் செருகிப் பெட்டியைக் கருக்கியவர்கள் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு நாட்டையே இருளாக்கியதாக அமைச்சர் சொன்னதையும் கேட்டோம். ஆகவே 12 வோல்ட் சுவிட்சையே தெரிந்தேன். ரௌட்டருக்கென வாங்கிய சிறிய யு.பி.எஸ். போன்ற ஒன்றே அதற்கும் பொருந்துகிறது.

மூன்றாவது, கேபிள். மலிவான கேபிள்களுள் சிலவற்றின் கம்பி அலுமினியம். மேலே செம்புப் பூச்சு மட்டுமே. கடற்காற்று வீசும் ஊரில் அது நெடுநாள் நிற்காது. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று முறிந்தாலே வேகம் பத்திலொன்றாகிவிடும், அல்லது இணைப்பே அறுந்துவிடும். நான்காவது, உத்தரவாதம். விற்பனைச் சிட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். சில சிட்டைகளில் ஓராண்டு என்பது 350 நாட்கள். மின்னலுக்கும் துருவுக்கும் உத்தரவாதம் இல்லை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி முழங்கும்போது செருகியைக் கழற்றிவிடுவதே நமது காப்புறுதி.

இப்போது லாச்சியில் மேலதிக அடப்டர் ஒன்று இருக்கிறது. ரௌட்டரிலிருந்து கணினிக்கு நேரே எட்டக்கூடிய நீண்ட கேபிளும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சுவிட்சின் அடியில் வாங்கிய திகதியை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இவற்றுக்கு மேலே, பக்க வடிவமைப்பாளரின் தொலைபேசி இலக்கம் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது. மரண அறிவித்தலில் திருத்தம் வந்தால் முதலில் அந்த இலக்கத்தை அழைக்கிறேன். பக்கத்தைப் பிறகுதான் அனுப்புகிறேன்.