கிங்காங்கின் ரசிகர்

தம்பட்டம் அடிப்பவரை, "ஆமாம், இவர் பெரிய தாராசிங்!" என்று நம் ஊர்ப்பக்கம் கேலி செய்வதுண்டு. 1928இல் பஞ்சாபில் பிறந்து, 1968இல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம் சூடிய மல்லர் அவர். ஆனால், 1950களில் அறந்தாங்கியிலிருந்து சிங்கப்பூர் சென்று கடைச் சிப்பந்தியாக இருந்த என் தாத்தாவோ, அவருடன் மோதிய கிங்காங்கின் ரசிகர்!

ஹங்கேரிய மல்லரான கிங்காங் பேருருவம் படைத்தவர். 'ஹாப்பி வேர்ல்ட்' அரங்கில் அவர் கோதாவில் ஏறினாலே கூட்டம் ஏசுமாம்.

"குஸ்தியின் முடிவை முன்பே பேசி வைத்துக்கொள்வார்களாமே, தாத்தா?" என்று கேட்டேன்.

"முடிவைப் பேசலாம் அப்பு, விழுகிற அடியைப் பேசி வைக்க முடியுமா? அத்தனை பேர் ஏசினாலும் மறுபடியும் கோதாவில் ஏறினாரே! பிழைக்கப் போன ஊரில் முதலாளியிடம் ஏச்சு வாங்கிய நாட்களில், எனக்கு அவரை நினைத்தால்தான் தைரியம் வரும்" என்றார்.

கிங்காங் 1970இல் கார் விபத்தில் காயமுற்று மறைந்தார். தாராசிங் 2012இல் மறைந்தார். வென்றவர் பெயர் ஊர்ப்பேச்சில் வாழ்கிறது. தோற்றவரோ என் தாத்தா போன்றோரின் நெஞ்சில் வாழ்கிறார்.

தேர்வில் தவறிய நண்பர்களே, கிங்காங்கை நினையுங்கள்! அடுத்த தேர்வு, அடுத்த கோதா!