லண்டன் - பாரிஸ்: விமானத்தில் 1 மணி 15 நிமிடம்... ஆனாலும் முந்துவது ரயில்தான்!

லண்டனில் காலை 10 மணிக்கு விமானம். பாரிஸில் இறங்கும் நேரம் பகல் 12.15 என்கிறது டிக்கெட். திரும்பும்போது பாரிஸில் 10 மணிக்குக் கிளம்பினால், லண்டனில் 10.15-க்கே இறங்கிவிடலாம். அதெப்படி, போக இரண்டேகால் மணி நேரம், வர கால் மணி நேரமா?

டிக்கெட்டில் தப்பில்லை. பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட எப்போதும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். இரண்டு பக்கமும் பயண நேரம் சுமார் 1 மணி 15 நிமிடம்தான். நேர்க்கோட்டில் தூரம் சுமார் 340 கி.மீ.

வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்!

ஹீத்ரோ விமான நிலையம் லண்டன் மையத்திலிருந்து சுமார் 25 கி.மீ. பாரிஸின் சார்லஸ் டி கால் விமான நிலையமும் நகரத்திலிருந்து ஏறக்குறைய அதே தூரம். இரண்டு மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் நாலரை, ஐந்து மணி நேரம் ஆகிவிடும்.

யூரோஸ்டார் ரயில், லண்டன் செயின்ட் பாங்க்ராஸிலிருந்து பாரிஸ் கார் டு நோர் வரை சுமார் 2 மணி 20 நிமிடத்தில் போகிறது. இரண்டுமே ஊருக்குள் இருக்கும் ஸ்டேஷன்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்பே போனாலும், நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனையும் லண்டனிலேயே நடப்பதால், பாரிஸில் இறங்கி நேராக நடக்க வேண்டியதுதான்.

வழியில் 1994-ல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கம் வரும். நீளம் சுமார் 50 கி.மீ. அதில் 38 கி.மீ. கடலுக்கு அடியில். ஜன்னலில் மீன் தெரியுமா என்று கேட்கும் குட்டீஸுக்கு... ஸாரி, 20 நிமிடம் இருட்டு மட்டும்தான்!

ஒரு சுவாரஸ்யம்: 1919 ஆகஸ்ட் 25-ல் இதே வழியில் தினசரி விமான சேவை தொடங்கியபோது, பறக்க ஆன நேரம் இரண்டரை மணி. இன்றைய ரயில் அதைவிட வேகம்!

விசாவில் கவனம்

இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு பிரிட்டன் விசா வேறு, பிரான்ஸுக்கான ஷெங்கன் விசா வேறு. முக்கியமாக, பாரிஸில் இறங்கி, லண்டன் போய், மறுபடி பாரிஸ் வருவதாக இருந்தால் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா போதாது. பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். இல்லையென்றால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

சென்னையிலிருந்து வந்து ஹீத்ரோவிலேயே விமானம் மாறுபவர்களுக்கு விமானம் வசதி. லண்டனில் தங்கி ஊர் சுற்றுபவர்களுக்கு ரயில்தான் பெஸ்ட். இரு நகரங்களிலும் சொந்தங்கள் பிரிந்து வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு, இது கல்யாணம், காதுகுத்துக்குப் போய்வரும் பாதை. கார் டு நோரிலிருந்து சிறிது தூரம் நடந்தால் லா ஷப்பல். கடைகளில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள், சூடாகத் தோசை. பசியோடு இறங்கினாலும் கவலையில்லை!